மாநிற முகத்தில் ஒளி: வெலாஸ்கெஸின் ஹுவான் தே பரேஹாவைப் பிரதி செய்த பதிவு

தைலவர்ணத்தில் முகம் வரையக் கற்க விரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலான பயிற்சிநூல்களும் காணொளிகளும் வெளிறிய தோலையுடைய ஐரோப்பிய முகங்களையே முன்மாதிரியாக வைக்கின்றன. அவற்றில் சொல்லப்படும் தோல்நிறக் கலவை வெள்ளையில் தொடங்கும். அதில் சிறிது சிவப்பும் சிறிது மஞ்சளும் சேரும். மாநிறத் தோலுக்கு என்ன செய்வது என்று கேட்டால், அதே கலவையில் கபிலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்ற ஒற்றை வரியோடு விடயம் முடிந்துவிடும். கொழும்பில் என்னைச் சுற்றியிருப்பவர்களின் முகங்களை வரைய வேண்டும் என்பதே என் விருப்பம் என்பதால், அந்த ஒற்றை வரி எனக்குப் போதவில்லை. மாநிற முகத்தை ஓர் ஆசான் தொடக்கம் முதலே மாநிறமாகப் பார்த்துத் தீட்டிய ஓவியம் ஒன்றைத் தேடி, அதைப் பிரதி செய்தே இக்கலையைப் பழகுவது என்று முடிவுசெய்தேன்.

நான் தேர்ந்தது ஸ்பானிய ஓவியர் தியேகோ வெலாஸ்கெஸ் 1650இல் ரோம் நகரில் தீட்டிய ஹுவான் தே பரேஹாவின் உருவப்படம். 81.3 செ.மீ. உயரமும் 69.9 செ.மீ. அகலமும் கொண்ட இந்த ஓவியத்தை நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் கலை அருங்காட்சியகம் 1971இல் வாங்கியது. இன்றும் அங்கேயே இருக்கிறது. ஸ்பானிய மன்னருக்காகக் கலைப்பொருட்கள் சேகரிக்க இத்தாலிக்குச் சென்றிருந்த வெலாஸ்கெஸ், பாப்பரசர் பத்தாம் இன்னசென்ற்றின் படத்தைத் தீட்டுவதற்கு முன் கையைப் பழக்கிக்கொள்வதற்காக இதைத் தீட்டினார் என்று அவரது வரலாற்றை எழுதிய பலோமினோ குறிப்பிடுகிறார்.

படத்தில் நிமிர்ந்து நம்மைப் பார்க்கும் பரேஹா அப்போது வெலாஸ்கெஸின் அடிமையாக, அவரது ஓவியக்கூடத்தில் வேலைசெய்தவர். அவரை விடுவிக்கும் பத்திரம் அதே ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி எழுதப்பட்டது. ஆனால் நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே அது நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. பின்னர் அவர் தாமே ஓவியராக வாழ்ந்தார். 1661இல் அவர் தீட்டிய புனித மத்தேயுவின் அழைப்பு என்ற பெரிய ஓவியம் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் ஓரத்தில் தம்மையும் நிற்க வைத்து, கையிலிருக்கும் தாளில் தம் பெயரை எழுதியிருக்கிறார். இச்செய்திகள் தூரிகை வேலைக்குப் புறம்பானவை என்று நான் எண்ணவில்லை. ஒரு முகத்தை மாதக்கணக்கில் உற்றுப் பார்க்கப் போகிறவர், அது யாருடைய முகம் என்பதை அறிந்திருக்க வேண்டும். கண்ணிமையின் சாய்விலும் கழுத்தின் நிமிர்விலும் வெலாஸ்கெஸ் வைத்திருக்கும் மதிப்பு பிரதியில் ஒரு மயிரிழை குறைந்தாலும், நிறம் எவ்வளவு பொருந்தினாலும் அது வேறொரு மனிதரின் படமாகிவிடும்.

மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல், பதிப்புரிமை நீங்கிப் பொதுவுடைமையாகிவிட்ட தன் ஓவியங்களின் உயர்தரப் படங்களை எவரும் கட்டணமின்றித் தரவிறக்கிப் பயன்படுத்த அனுமதிக்கிறது. அதிலிருந்து எடுத்த படத்தை வெள்ளவத்தையில் ஓர் அச்சுக் கடையில் பெரிதாக அச்சிட்டுப் பார்த்தபோது, தலைமுடியும் அதன் பின்னேயுள்ள சாம்பற்பச்சைப் பின்புலமும் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொண்டன. இருண்ட பகுதிகளுக்குள் இருக்கும் நுண்ணிய வேறுபாடுகளே இந்த ஓவியத்தின் உயிர் என்பதால், நிறத்துக்கு அச்சை நம்பாமல் டப்லட் திரையையே பயன்படுத்தினேன். அச்சுப்படத்தை அளவெடுக்க மட்டும் வைத்துக்கொண்டேன். திரை தானே ஒளி வீசுவது. கன்வஸ் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவது. ஆகவே, ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்கு அருகில் பிடித்து, திரையிலுள்ள வெண்மை தாளின் வெண்மையை விடப் பிரகாசமாகத் தோன்றாத அளவுக்குத் திரையின் வெளிச்சத்தைக் குறைத்த பிறகே ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால், நாம் கலக்கும் எந்த வர்ணமும் படத்திலுள்ளதை விட மங்கலாகவே தெரியும்.

திரையில் காண முடியாதது ஒன்று உண்டு. அது வர்ணத்தின் தடிப்பு. அதற்காகக் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸிலுள்ள சபுமல் மன்றத்துக்குப் போய் வருவது நல்லது. இலங்கையின் நவீன ஓவியர் அமைப்பான 43 குழுவைச் சேர்ந்தவரும் உருவப்பட ஓவியருமான ஹரி பீரிஸின் இல்லம் அது. அக்குழுவினரின் ஓவியங்கள் அங்கே சுவர்களில் இருக்கின்றன. வெலாஸ்கெஸின் காலத்துக்கும் பாணிக்கும் அவை வெகு தூரமானவை. எனினும், உண்மையான ஓவியத்தின் முன் பக்கவாட்டில் நின்று, ஒளி வர்ணத்தின் மேட்டில் எப்படிப் பிடிக்கிறது, மெல்லிய இடத்தில் கன்வஸின் இழை எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட்டு வந்தால், திரையில் உள்ள படத்திலும் எது தடிப்பு, எது மெலிவு என்று கண் பிரித்தறியத் தொடங்கும்.

ஓவியம் முழுவதையும் நான் பிரதி செய்யவில்லை. தலையும் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் தோளின் தொடக்கமும் அடங்கும் பகுதியை மட்டும் 40 செ.மீ. அகலமும் 50 செ.மீ. உயரமும் உள்ள கன்வஸில் எடுத்துக்கொண்டேன். கடையில் கிடைக்கும் பருத்திக் கன்வஸில் வெள்ளைப் பூச்சு ஏற்கெனவே இருக்கும். ஆனால் அதன் நெசவு முகத்துக்குச் சற்று முரடானது. மேலும் இரண்டு தடவை ஜெஸோ எனும் வெள்ளை அடித்தளப் பூச்சைப் பூசி, காய்ந்ததும் மெல்லிய சாண்ட்பேப்பரால் தேய்த்து, கடைசியாக அக்ரிலிக் வர்ணத்தில் ரோ அம்பர் என்ற மண்கபிலமும் வெள்ளையும் சிறிது கறுப்பும் கலந்த நடுத்தரச் சாம்பல் நிறத்தை முழுவதும் பூசினேன். மாநிற முகம் தீட்டுவதற்கு இந்தச் சாம்பல் தளம் இன்றியமையாதது என்றே கருதுகிறேன். வெள்ளைத் தளத்தின் மேல் வைக்கும் எந்தக் கபிலமும் அளவுக்கு மீறி இருண்டதாகத் தோன்றும். உடனே கை வெள்ளையைச் சேர்க்கும். முகம் சுண்ணாம்பு படிந்ததுபோல் வெளிறிவிடும். நடுத்தரச் சாம்பலில் அதே கபிலம் தன் உண்மையான அளவில் நிற்கிறது.

எண்ணெய் பற்றிக் கொழும்பு வாசகர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். தைலவர்ணம் நீர் ஆவியாகிக் காய்வதுபோல் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் (லின்சீட் ஒயில்) காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகியே காய்கிறது. நம் வீடுகளில் தாராளமாக இருக்கும் தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை. அது வர்ணத்தோடு கலந்தால் அந்த இடம் காயாமலேயே கிடக்கும். வேலை முடிந்ததும் தூரிகையிலுள்ள வர்ணத்தைக் கழற்றத் தேங்காய் எண்ணெய் மிக நன்றாக உதவும் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பின் சவர்க்காரம் போட்டு, நுரை வெள்ளையாக வரும்வரை கழுவ வேண்டும். புறக்கோட்டை ஹாட்வெயார் கடைகளில் மரச்சாமான்களுக்கு விற்கப்படும் காய்ச்சிய லின்சீட் ஒயில் மலிவானதுதான். ஆயினும் விரைவில் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்த அந்த எண்ணெய் காலப்போக்கில் கருமை கொள்ளும் என்பதால், ஓவியப்பொருட் கடையில் கிடைக்கும் சுத்திகரித்த எண்ணெயையே வாங்க வேண்டும். லின்சீட் எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது. இறுகும்போது அவை வெப்பத்தை வெளியிடுகின்றன. காற்றோட்டமற்ற குவியலில் அந்த வெப்பம் ஏறித் தானாகவே தீப்பற்றும். மூடியுள்ள தகரப்பேணியில் தண்ணீர் ஊற்றி அதற்குள் அவற்றைப் போட்டு வைக்கிறேன்.

வர்ணங்களைச் சிலவற்றோடு நிறுத்திக்கொண்டேன்: டைட்டேனியம் வைட், யெலோ ஓக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செங்கபிலம்), கட்மியம் ரெட், அலிசரின் (கருஞ்சிவப்பு), ரோ அம்பர், பர்ன்ட் அம்பர் (இருண்ட கபிலம்), ஐவரி பிளாக். வெலாஸ்கெஸ் பயன்படுத்தியது ஈய வெள்ளை. அது நச்சுத்தன்மை உடையது. இன்றைய கடைகளில் எளிதில் கிடைப்பதும் இல்லை. டைட்டேனியம் வெள்ளை அதை விட மூடும் ஆற்றல் மிக்கது, நிறத்தில் குளிர்ச்சியானது, அதாவது நீலச்சாயல் கொண்டது. ஆகவே வெள்ளை தேவைப்படும் இடத்திலெல்லாம் சிறிது ஓக்கர் கலந்து சூடாக்கிய, அதாவது மஞ்சள் சாயல் ஏற்றிய, வெள்ளையைத் தனியாகக் கலந்து வைத்துக்கொண்டு, அதையும் கஞ்சத்தனமாகவே எடுத்தேன்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும், பாடசாலையில் சித்திரம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இடையிடையே கன்வஸைக் கொண்டுபோய்க் காட்டினேன். கோட்டுச்சித்திரத்தை அவர் வெகு நேரம் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் என் வேலையை நடத்துகிறது: “பிள்ளை, மூக்கைக் கீறாதை. மூக்குக்குப் பக்கத்திலை கிடக்கிற நிழலின்ரை உருவத்தைக் கீறு. மூக்கு தானா வரும்.” கட்டம் போட்டுப் பெயர்ப்பதை விட, ஒரு நூலைக் குத்தாகத் தொங்கவிட்டு, கண்ணின் மூலைக்கு நேர்கீழே வாயின் எந்த இடம் வருகிறது, தாடியின் விளிம்பு எந்த உயரத்தில் கழுத்துப்பட்டியைத் தொடுகிறது என்று ஒப்பிட்டுக் கீறுமாறு அவர் பணித்தார். கட்டம் பிழையில்லாத பிரதியைத் தரும். ஆனால் அடுத்த நாள் உயிருள்ள ஒருவர் எதிரே அமரும்போது அவர் முகத்தில் கட்டம் இருக்காது.

அடிப்பூச்சு ரோ அம்பரும், அதை மெலிதாக்கும் டர்பன்டைனும் மட்டுமே. முடி, தாடி, கண்குழி, மூக்கின் நிழல், தாடையின் கீழ் ஆகியவற்றை ஒரே இருளாக மெலிதாகப் போட்டு, ஒளி விழும் இடங்களைத் துணியால் துடைத்து எடுத்தேன். அம்பரில் மங்கனீசு இருப்பதால் அது விரைவில் காய்கிறது. மேலே வேலை செய்ய அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை.

தோலுக்கு வரும்போதுதான் இந்த ஓவியம் தன் பாடத்தைத் தொடங்குகிறது. திரையிலுள்ள படத்தை நிறம் நீக்கிச் சாம்பல் நிறப்படமாக்கிப் பார்த்தபோது வியப்பு ஏற்பட்டது. ஒளி விழும் கன்னம் கூட, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள சாம்பலுக்குச் சற்று மேலேயே நிற்கிறது. மிகப் பிரகாசமான வெண்மை முழுவதும் கழுத்துப்பட்டிக்கே விடப்பட்டிருக்கிறது. முகத்தின் பெரும்பகுதி நெருக்கமான சில தொனிகளுக்குள், அதாவது ஒளி-இருள் அளவுகளுக்குள், அடங்குகிறது. அப்படியிருந்தும் நெற்றி உருண்டு திரும்புவதையும் கன்ன எலும்பு மேலெழுவதையும் நாம் தெளிவாகக் காண்கிறோம். அந்த உருட்சியைக் காட்டுவது தோலின் மேற்பரப்பில் மின்னும் ஒளிதான். வெளிறிய தோல் உள்ளிருந்தே அதிக ஒளியைத் திருப்பி அனுப்புவதால் மேற்பரப்பின் மினுக்கம் அதில் கரைந்து போகிறது. இருண்ட தோலில் உள்ளிருந்து வரும் ஒளி குறைவு. ஆகவே நெற்றியிலும் மூக்கின் முதுகிலும் விழும் மினுக்கம் தனித்துத் தெரிகிறது. தோலின் நிறத்தை அது ஏற்பதில்லை; சாளரத்திலிருந்து வரும் ஒளியின் நிறத்தையே கொண்டிருக்கிறது. மாநிறத்தைக் கபிலக் கலவையின் அளவாக மட்டும் பார்க்கும் பயிற்சிநூல்கள் தவறவிடுவது இதைத்தான்.

இதைக் கன்வஸில் கொண்டுவர மூன்று கலவைகளைத் தட்டில் வரிசையாக வைத்தேன். நடுத்தோலுக்கு யெலோ ஓக்கர் இரண்டு பங்கும் பர்ன்ட் சியன்னா ஒரு பங்கும், சூடாக்கிய வெள்ளை அரைப் பங்குக்கும் குறைவாகவும். நிழலுக்குப் பர்ன்ட் அம்பரும் சிறிது அலிசரினும். இதில் வெள்ளை ஒரு துளியும் கிடையாது. நிழலுக்குள் வெள்ளை புகுந்தால் அது புகைமூட்டமாகிவிடும். மூன்றாவது, மினுக்கத்துக்கான சாம்பல்: ஐவரி பிளாக்கும் வெள்ளையும், நுனியளவு ஓக்கரும். இந்தச் சாம்பலைத் தட்டில் பார்த்தால் சாதாரணச் சாம்பலே. ஆனால் சியன்னாவின் சூட்டுக்கு நடுவே நெற்றியில் வைத்தவுடன் அது நீலமாகத் தெரிகிறது. நீல வர்ணம் எதுவும் தட்டில் இல்லாதபோதும் முகத்தில் குளிர்ந்த பகல் ஒளி வந்துவிடுகிறது. கன்னத்திலும் காது மடலிலும் மூக்கின் நுனியிலும் மட்டும் நடுத்தோலில் சிறிது கட்மியம் ரெட் சேரும். உதட்டுக்கு அதையும் விடச் சற்றுக் கூடுதலாக. அலிசரினையும் அம்பரையும் அதோடு கலக்காவிட்டால் உதடு முகத்தை விட்டுத் தனியே முன்னுக்கு வந்து நிற்கும்.

நடுத்தோலை இருளாக்கக் கறுப்பைச் சேர்ப்பது மிகவும் இயல்பாகத் தோன்றும் வழி. அதையே தவிர்க்க வேண்டும். கறுப்பும் ஓக்கரும் சேர்ந்தால் ஒருவகைப் பச்சை பிறக்கும். பின்புலத்துக்கு அந்தப் பச்சை மிகப் பொருத்தம். வெலாஸ்கெஸின் பின்புலத்திலுள்ள சாம்பற்பச்சையை நான் கறுப்பு, ஓக்கர், வெள்ளை ஆகியவற்றிலிருந்தே எடுத்தேன். முகத்தில் அது நோயாளியின் தோலாகிவிடும். இருளாக்க வேண்டுமானால் சியன்னாவிலிருந்து பர்ன்ட் அம்பருக்கு இறங்க வேண்டும். சூடு குறையாமல் இருள் கூட வேண்டும்.

வைக்கும் ஒழுங்கும் முக்கியமானது. நிழலை மெல்லியதாக, அடிப்பூச்சும் சாம்பல் தளமும் ஊடே தெரியுமாறு விட்டு, நடுத்தோலை அதன் மேல் சற்றுத் தடிப்பாக வைத்து, மினுக்கத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில், தூரிகையில் வர்ணம் நிரம்ப எடுத்து ஒரே இழுப்பில் வைத்து, மீண்டும் தொடாமல் விட வேண்டும். ஒரு தடவைக்கு மேல் தடவினால் அது கீழேயுள்ள ஈரத்தோடு கலந்து, சாம்பலும் கபிலமும் அற்ற சேற்று நிறமாகும். இதற்காகவே நெற்றி மினுக்கத்துக்கு முன்னர் தனி அட்டையொன்றில் அதே கலவையை அதே அளவு தூரிகையால் இழுத்துப் பழகிக்கொண்டேன்.

கண்களின் வெண்படலத்துக்கு வெள்ளை எடுக்கவே இல்லை. நடுத்தோலை விடச் சற்றே வெளிறிய, அம்பர் கலந்த சாம்பல் அங்கே போதும். மேலிமையின் நிழல் அதன் மேற்பாதியை மூடி இருண்டிருக்கிறது. கருவிழியில் உள்ள ஒளிப்புள்ளியும் தூய வெள்ளையன்று. அந்தப் பார்வையின் உறுதி கண்ணிலிருந்து மட்டும் வருவதன்று. தலை நிமிர்ந்திருக்கும் கோணமும் புருவத்துக்கும் மேலிமைக்கும் இடையிலுள்ள தூரமும் சேர்ந்தே அதைத் தருகின்றன. அந்தத் தூரத்தைச் சற்றுக் கூட்டினால் முகம் கெஞ்சுகிறது, குறைத்தால் சினக்கிறது. பிரதியில் நான் மிக அதிகமாக அளந்ததும் திருத்தியதும் அந்தச் சிறு இடைவெளியையே.

முடியையும் தாடியையும் இழையிழையாகக் கீற வேண்டியதில்லை. அவற்றின் விளிம்பு பின்புலத்தோடு ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த மென்தூரிகையால் ஒற்றிக் கரைத்தால் தலை காற்றுக்குள் இருப்பதுபோல் உருளும். கழுத்துப்பட்டியின் பின்னல்வேலையை அருகில் பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே பின்னல் எதுவும் இல்லை. சாம்பலின் மேல் சில தடித்த வெள்ளைப் புள்ளிகளும் உடைந்த கோடுகளுமே இருக்கின்றன. சில அடிகள் பின்னால் போனதும் அவை லேஸ் பின்னலாகக் கூடுகின்றன. வெலாஸ்கெஸ் நீண்ட காம்புள்ள தூரிகைகளைப் பயன்படுத்தினார் என்று பலோமினோ சொல்வதன் காரணம் இங்கே கைக்கே புரிந்தது. காம்பின் அடிநுனியைப் பிடித்துக் கை நீட்டி வைத்த புள்ளிகளே பொருந்தின.

கருமையான பகுதிகள் காய்ந்ததும் ஒளியிழந்து சாம்பல் பூத்துவிடுகின்றன. கீழுள்ள உறிஞ்சும் தளம் எண்ணெயை இழுத்துக்கொள்வதே காரணம். அந்த இடங்களில் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றைத் துணியால் தடவி, மிகையைத் துடைத்துவிட்டால் நிறம் மீளும். அதன் பின்னரே அடுத்த தொனியை மதிப்பிட வேண்டும். ஐவரி பிளாக் மெதுவாகவே காயும். கடற்காற்றும் ஈரப்பதமும் உள்ள வெள்ளவத்தை அறையில், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், கன்வஸைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து வைத்தால் பின்புறத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சுவருக்கும் கன்வஸுக்கும் இடையே காற்றுப் புக இடம் விட்டு, மின்விசிறியின் காற்று நேரே படாமல் வைத்திருக்கிறேன். வார்னிஷ் பூசுவதற்குக் குறைந்தது ஆறு மாதங்களாவது காத்திருப்பது வழக்கம். பின்புறத்தில் இது வெலாஸ்கெஸின் பிரதி என்பதையும் பயன்படுத்திய வர்ணங்களின் பெயர்களையும் எழுதியிருக்கிறேன். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பிரதி செய்கிறவர்கள் மூல ஓவியத்தின் அளவிலேயே செய்ய அனுமதியில்லை. பிரதி பிரதியென்று அடையாளம் தெரிய வேண்டும் என்ற அந்த ஒழுங்கை வீட்டிலும் பின்பற்றுவது நியாயமானது.

பிரதி காய்ந்துகொண்டிருக்கும்போதே பெரியம்மாவைச் சாளரத்தருகே அமர வைத்து அதே தட்டோடு தொடங்கினேன். காலையில், கிழக்குப் பக்கச் சுவரின் நிழல் விழும் அந்த அறையில் ஒளி குளிர்ந்தது. பரேஹாவின் கலவைகள் ஏறத்தாழ அப்படியே பொருந்தின. கன்வஸை எட்டிப் பார்த்த பெரியம்மா, “என்ன பிள்ளை, என்ரை நெத்தியிலை நீலம் பூசி வைச்சிருக்கிறாய்?” என்று கேட்டார், கதவடியில் நின்று பார்க்கச் சொன்னதும், “ஓம், இப்ப தோலாத்தான் தெரியுது” என்றார். பிற்பகலில் கடற்பக்கமிருந்து வெயில் சரிந்து வரும்போது எல்லாம் தலைகீழாகிறது. மினுக்கத்துக்குச் சாம்பல் ஆகாது. ஓக்கரும் வெள்ளையும் நுனியளவு கட்மியமும் வேண்டும். நிழலோ அம்பரின் சூட்டை விட்டுக் குளிர்கிறது. அங்கே அலிசரினோடு ஐவரி பிளாக்கைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கறுப்பு நிழலில் மட்டும், அதுவும் ஓக்கர் இல்லாத கலவையில் வருவதால் பச்சை பிறப்பதில்லை. நடுத்தோலின் கலவை இரு வேளைகளிலும் ஒன்றாகவே இருக்கிறது. இப்போது அந்தப் பிற்பகல் முகத்தையே, சிறிய கன்வஸ்களில், வெயில் இறங்குவதற்குள் முடிக்கக்கூடிய அளவில் தீட்டி வருகிறேன்.